சங்கரபாண்டிக்கு நைட் ஷிப்ட்

பிப்ரவரி 6

டாக்டர் ஜெபசிங் சொன்னதால் எழுதுகிறேன். இல்லாவிட்டால் சிமெண்ட் ஆலையில் அரவை மில் ஓட்டுகிற முப்பத்தொன்பது வயது ஆளுக்கு டைரி எதற்கு? தினமும் இரண்டு விஷயம் குறிக்க வேண்டுமாம். எத்தனை மணி நேரம் தூங்கினேன், மனநிலை எப்படி இருந்தது. "வேற என்ன தோணுதோ அதையும் எழுதுங்க ஆவுடையப்பன். மூணு மாசம் கழிச்சுச் சேர்ந்து பார்ப்போம்" என்றார்.

விஷயத்தை எழுதக் கை கூசுகிறது. பத்து மாதமாக நானும் கோமுவும் ஒரே கட்டிலில் படுக்கிறோம், அவ்வளவுதான். ஆரம்பத்தில் நாலைந்து முறை முயன்று, முடியாமல் போய், தாகம் எடுத்தவன்போல ஒவ்வொரு முறையும் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அதற்குப் பிறகு முயலவே இல்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை.

சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. ஹார்மோன் மட்டும் கொஞ்சம் குறைவாம். "காலையில எந்திரிக்கும்போது உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார். எனக்கு ஏது காலை? ஒரு வாரம் ஏ ஷிப்ட், காலை ஆறு முதல் இரண்டு வரை. அடுத்த வாரம் பி ஷிப்ட், இரண்டு முதல் பத்து. அதற்கடுத்த வாரம் சி ஷிப்ட், ராத்திரி பத்து முதல் விடிகிறவரை. ஊர் பல் தேய்க்கிற நேரத்தில் நான் பாயைத் தேடுவேன். இதைச் சொன்னதும் டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது. அதை நீங்க வாராவாரம் திருப்பி வச்சுக்கிட்டே இருக்கீங்க. அந்த ஹார்மோன் பெரும்பாலும் தூக்கத்துலதான் சுரக்கும். போதாக்குறைக்குக் கவலை. முடியுமா முடியாதான்னு நினைச்சுக்கிட்டே பக்கத்துல போனா உடம்பு ஒத்துழைக்காது. பெரிய பழுது எதுவும் இல்லை. கண்ட லேகியத்தையும் வாங்கித் திங்காதீங்க."

வீட்டில் சொன்னீர்களா, அடுத்த முறை அவரையும் கூட்டி வாருங்கள் என்றார். சரி என்றேன். கூட்டிப்போக மாட்டேன்.

பிப்ரவரி 7

தூக்கம்: 4. மனநிலை: சுமார்.

பிப்ரவரி 9

தூக்கம்: 2. மனநிலை: எழுத வார்த்தை இல்லை.

டாக்டரைப் பார்த்த அன்றே எனக்குச் சந்தேகம். டாக்டரின் வாசலில் இருக்கிற போர்டில் 'ஆண்களுக்கான சிறப்பு ஆலோசனை' என்று மாட்டுவண்டிச் சக்கரம் அளவு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதன் அடியில் நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது எதிர்க் கடையில் சங்கரபாண்டி நின்றுகொண்டிருந்தான். எங்கள் மில் பகுதியில் எனக்கு ஆறு வருடம் ஜூனியர். வேலை கற்றுக்கொடுத்தவனே நான்தான்.

இன்று கேண்டீனில் பேக்கிங் ஆள் ஒருவன் அவனிடம், "கல்யாணமாகி ஆறு வருசமாச்சே, எங்களுக்கு எப்பம்லே லட்டு தருவ?" என்று கேட்டான். சங்கரபாண்டி டீ கிளாஸைக் கீழே வைத்தான். என்னைத் திரும்பிப் பார்த்து, கேண்டீன் முழுக்கக் கேட்கிற மாதிரி, "நம்ம ரிட்டயர்டு அண்ணாச்சிக்கு ஸ்ட்ராங்கா ஒரு டீ போடுங்கப்பா. ஆஸ்பத்திரிக்கெல்லாம் அலைஞ்சு களைச்சுப்போய் வந்திருக்காவ" என்றான்.

முப்பது பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் ஏன் சிரித்தேன்?

பிப்ரவரி 21

தூக்கம்: 3. மனநிலை: கெடுதல்.

பெயர் ஒட்டிக்கொண்டது. செக்யூரிட்டிவரை 'ரிட்டயர்டு' என்கிறான். சங்கரபாண்டிக்கு ஏதாவது செய்தாக வேண்டும். அடிப்பதா? அடித்தால் எதற்காக அடித்தேன் என்று விசாரணையில் சொல்ல வேண்டிவரும்.

கோமு தையல் மிஷினைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் பகலில் படுக்கிற நேரம் முழுக்க அங்கேயே இருக்கிறாள். கட்டியவனுடைய முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை போல.

மார்ச் 28

தூக்கம்: 3. மனநிலை: மிக நன்று.

கடவுள் கண்ணைத் திறந்தார். ஷிப்ட் சார்ட் எழுதுகிற பிச்சையா சார் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் சீனியர், இனிமே சார்ட்டை நீங்களே போடுங்க. எல்லாத்துக்கும் ஆள் இருந்தாச் சரி" என்றார். யாருக்கு எந்த ஷிப்ட் என்பதை இனி நான் முடிவுசெய்வேன்.

என்னை எது இப்படி ஆக்கியது என்று டாக்டரே சொல்லிவிட்டார். அதையே அவனுக்குக் கொடுத்தால் போதும். கை நீட்ட வேண்டாம், வாய் திறக்க வேண்டாம். ஒரு தாளும் ஸ்கேலும் போதும்.

ஏப்ரல் 1

சார்ட்டை ஒட்டிவிட்டேன். ஆவுடையப்பன், நிரந்தர ஏ ஷிப்ட். ஷிப்ட் சார்ட் எழுதுகிறவன் பகலில் இருந்தாக வேண்டும் என்று காரணம். சங்கரபாண்டி, சி ஷிப்ட். அடுத்த வாரமும் சி. அதற்கடுத்த வாரமும் சி. மாதம் முழுக்க சி. எழுத எழுத அந்த எழுத்தே அழகாக வந்தது.

அவன் சார்ட் முன்னால் நின்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "அண்ணாச்சி, எனக்கு மட்டும் ஏன் தொடர்ச்சியா நைட்டு?"

"இளவட்டம்லா. நீ தாங்குவ" என்றேன்.

மூன்று நாள் ஒத்திகை பார்த்த வசனம் அது.

ஏப்ரல் 13

தூக்கம்: 3½. மனநிலை: மிக நன்று.

காலை ஆறு மணிக்கு அவனிடமிருந்து நான் வேலையை வாங்கிக்கொள்கிறேன். நாளின் சிறந்த நேரம் அதுதான். கண்ணுக்குக் கீழே கறுப்பு, ஷேவ் செய்யாத முகம், கேட்டதையே இரண்டு தடவை கேட்கிறான். நேற்று டீ என்று நினைத்துக் கை கழுவ வைத்திருந்த தண்ணீரைக் குடிக்கப் போனான். வீட்டில் இட்லி சாப்பிடும்போது அதை நினைத்துச் சிரித்துவிட்டேன். என்ன என்று கோமு கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் புதுச்சேலை மாதிரி ஏதோ கட்டியிருந்தாள்.

மே 8

டாக்டரிடம் போனேன். இந்த நோட்டைக் காட்ட முடியுமா? தூக்கத்தையும் மனநிலையையும் மட்டும் தனித்தாளில் எழுதிக் கொண்டுபோனேன். வெகுநேரம் பார்த்தார்.

"பகல் வேலைக்கு வந்து ஒரு மாசம் ஆச்சு. இன்னும் மூணு, மூணரை மணி நேரம்தான் தூங்குறீங்க. மனநிலைன்னு பாத்தா மிக நன்று, மிக நன்றுன்னு வரிசையா இருக்கு. இதுல எது பொய்?"

"ரெண்டும் நெசம்தான் டாக்டர்."

"படுத்ததும் என்ன யோசிப்பீங்க?"

வேலையைப் பற்றி என்றேன். அதுவும் பொய்யில்லை. ஒன்பதரைக்குப் படுத்துவிடுகிறேன். பத்து மணிக்கு அவன் உள்ளே நுழைவான் என்று நினைப்பேன். ஒரு மணிக்கு அவனுக்குக் கண் சொக்கும். மூன்று மணிக்கு நிற்க முடியாது. நான் தூங்கிவிட்டால் இதையெல்லாம் யார் பார்ப்பது?

"படுக்கைக்கு யாரையும் கூட்டிட்டுப் போகாதீங்க. மேனேஜரா இருந்தாலும் சரி" என்று சொல்லிவிட்டு, மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று மறுபடி கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

மே 30

தூக்கம்: 3. மனநிலை: நன்று.

ஒரு சின்ன விஷயம் இடிக்கிறது. இன்று அவன் ஷேவ் செய்து வந்திருந்தான். கண்ணுக்குக் கீழே கறுப்பு இல்லை. விசில் வேறு. நடிக்கிறான். எனக்குத் தெரியாத நடிப்பா?

ஜூன் 17

தூக்கம்: 2½. மனநிலை: எரிச்சல்.

மூன்றாவது மாதமாக சி ஷிப்ட். அவன் சட்டை வயிற்றில் இறுகுகிறது. நானோ பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறேன். இது என்ன நியாயம்?

ஜூலை 3

நெல்லையப்பர் தேரோட்டத்துக்கு லீவு கேட்டான். "செண்பகத்தைக் கூட்டிட்டுப் போகணும் அண்ணாச்சி. ஒரு வேண்டுதல்." செண்பகம் அவன் மனைவி. ஆள் இல்லை என்றேன். உண்மையில் இரண்டு பேர் உபரியாக இருந்தார்கள். "சரி அண்ணாச்சி, பகல்லதானே தேரு. தூங்காமப் போயிட்டு வந்திருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். முகத்தில் கோபமே இல்லை. அவனுக்குக் கோபம் வராதவரை நான் செய்வதற்கெல்லாம் என்ன அர்த்தம்?

ஜூலை 24

தூக்கம்: 3. மனநிலை: தெரியவில்லை.

மத்தியானம் சாப்பாடு போடும்போது கோமு கேட்டாள். "என் மேல ஏதாவது கோவமா?"

"இல்லையே."

"வேற எங்கயாவது யாரும்?"

"சீ, என்ன பேச்சு இது?"

அவள் ரசத்தை ஊற்றினாள். "எதிர்த்த வீட்டுப் புதுப்பொண்ணு ஆடி பொறந்து அம்மா வீட்டுக்குப் போயிருக்கு. ஒரு மாசம் புருசனைப் பிரிஞ்சு இருக்கணுமேன்னு போறப்ப அழுதுச்சு. நமக்கு வருசம் பூரா ஆடியாத்தான் இருக்கு. நான் ஒருத்திதான் இன்னும் பொறந்த வீட்டுக்குப் போகலை."

சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. பத்து மாதம் பேசாமல் இருந்து, பிறகு ஆறு மாதம் மறைத்து, இப்போது எந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பது? முதலில் சங்கரபாண்டியை முடித்துவிடுகிறேன். மனசு ஆறிவிட்டால் உடம்பும் சரியாகிவிடும். அப்புறம் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

ஆகஸ்ட் 11

தூக்கம்: 2.

கோவில்பட்டியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகப்போகிறாளாம். "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன். "பாக்கணும்" என்றாள். அடுத்த சனிக்கிழமை கிளம்புகிறாள். பெரிய பையை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 18

காலை ஆறு மணிக்கு சங்கரபாண்டி டிபன் பாக்ஸோடு எனக்காகக் காத்திருந்தான். மூடியைத் திறந்தான். உள்ளே லட்டு.

"செண்பகத்துக்கு மூணு மாசம் முடிஞ்சுட்டு அண்ணாச்சி. அதுக்கு முந்தி வெளிய சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாவ. மொதல்ல உங்களுக்குத்தான் தாரேன். நீங்க போட்ட நைட் ஷிப்ட்டாலதான் இது நடந்துச்சு."

எனக்கு விளங்கவில்லை. அவனே விளக்கினான். அவன் வீட்டில் ஒரே ஹால். அம்மா, அண்ணன், மதினி, மூன்று பிள்ளைகள், இவர்கள் இரண்டு பேர். ராத்திரியானால் எட்டுப் பேரும் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பார்கள். ஆறு வருடமாகப் புருஷனும் பெண்டாட்டியும் பேசுவதுகூட ரகசியம்தான். பகலில் அண்ணன் வேலைக்கு, மதினி கடைக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு, கோடை லீவில் மதினியின் அம்மா வீட்டுக்கு, அம்மா பீடி சுற்றப் போய்விடுகிறார்கள். வீடு காலி.

"வாராவாரம் மாத்தி மாத்தி வந்தப்பதான் அண்ணாச்சி செத்தேன். ஒரே ஷிப்ட்டுன்னு ஆனதும் மூணு நாலு வாரத்துல பழகிட்டு. சன்னலுக்குச் செண்பகம் கறுப்புத் துணி தச்சுப் போட்டிருக்கா. ஏழு மணிக்குப் படுத்தா ரெண்டு மணி வரைக்கும் அசையமாட்டேன். அதுக்கப்புறம் நானும் அவளும்தான் வீட்ல."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "இன்னொண்ணும் சொல்லணும். எனக்கும் உங்களை மாதிரிதான் இருந்துச்சு. அன்னைக்கு அந்த டாக்டர் வாசலுக்கு எதிர்க்க நான் எதுக்கு நின்னேன்னு நினைக்கிய? உள்ள போகத் தைரியம் இல்லாம ஒரு மணி நேரமா நிக்கேன். கேண்டீன்ல என்னையக் கேட்டுட்டானேன்னு உங்களை மாட்டிவிட்டுட்டேன். மன்னிச்சிருங்க. இதையே தொடர்ந்து போட்டுத் தாங்க அண்ணாச்சி."

நான் லட்டை வாங்கிக்கொண்டேன். எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது? நாலரை மாதம் என் தூக்கத்தை அரைத்து ஊற்றி அவன் குடும்பத்தை வளர்த்திருக்கிறேன். மன்னிப்பை வேறு கேட்டுவிட்டான். இனிமேல் அவனை வெறுப்பதற்குக்கூட எனக்குப் பிடிமானம் இல்லை.

ஆனால் எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். டூட்டி முடிகிறதற்குள் செப்டம்பர் சார்ட்டைப் பென்சிலால் போட்டேன். சங்கரபாண்டி, முதல் வாரம் ஏ, இரண்டாவது வாரம் சி, மூன்றாவது வாரம் பி. கறுப்புத் துணியைக் கழற்றி மடித்து வைக்கட்டும். இருபத்தைந்தாம் தேதி பேனாவால் எழுதி ஒட்ட வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 19

கோமு போய்விட்டாள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

இன்று வேலை முடிந்து வரும்போது பை வாசலில் இருந்தது. கழுவுவதற்காக என் வேலைப் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தவள், அடியில் நான் தின்னாமல் போட்டிருந்த நேற்றைய லட்டைப் பார்த்தாள். "இது யாரு தந்தா?"

சங்கரபாண்டி என்றேன். எதற்கு என்று கேட்டாள். அவனுக்குக் குழந்தை என்று சொல்லும்போதே என் குரல் உடைந்துவிட்டது. அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. டாக்டர், போர்டு, கேண்டீன், ரிட்டயர்டு, ஷிப்ட் சார்ட், பென்சிலில் போட்ட செப்டம்பர் எல்லாவற்றையும் அடுப்படி வாசலில் நின்றபடி சொன்னேன். அவள் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"பேக்டரில எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்."

"எனக்கு மட்டும் தெரியாது" என்றாள். பாக்ஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் கண்ணாடி முன்னால நின்னு எங்கிட்ட என்ன கொறைன்னு தேடிட்டு இருந்தேன். ஒன்றரை வருசமா. மிஷின் சத்தத்துல உங்க தூக்கம் கெடுதோன்னு அதையும் அடுத்த வீட்ல கொண்டுபோய்ப் போட்டேன். உங்களுக்குத் தூக்கம் கெட்டது மிஷினால இல்லை, என்ன?"

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

"ராத்திரி என் பக்கத்துல நீங்க படுக்கவே இல்லை. ஆறு மாசமா அந்தச் சங்கரபாண்டி கூடத்தான் படுத்திருக்கீய."

செருப்பை மாட்டிக்கொண்டாள். பையை நான் தூக்கப் போனேன். தர மறுத்துவிட்டாள். வாசலில் நின்று, "அங்கன போயி இருக்கேன். ராத்திரி தூக்கம் வரலைன்னா யாரை நினைச்சு முழிச்சிருக்கோம்னு பாத்துக்கிடுங்க. என்னைய நினைச்சுன்னா போன் பண்ணுங்க. அவனை நினைச்சுன்னா பண்ணாதீய" என்றாள்.

ஆகஸ்ட் 20

தூக்கம்: 1½. போன் பண்ணவில்லை.

ஆகஸ்ட் 21

தூக்கம்: 2. போன் பண்ணவில்லை. பொய் சொன்னால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

ஆகஸ்ட் 23

சோறு குழைந்துவிட்டது. நேற்றுக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டேன். படுத்தால் முதலில் அவன்தான் வருகிறான். லட்டோடு வருகிறான். வீட்டில் வேறு யாரும் இல்லை, சண்டை போட்டு விரட்டவும் ஆள் இல்லை.

ஆகஸ்ட் 25

செப்டம்பர் சார்ட் ஒட்டிவிட்டேன். ஒட்டுவதற்கு முன் பென்சில் எழுத்தை அழித்தேன். சங்கரபாண்டி, மாதம் முழுக்க சி. நல்ல மனசால் செய்யவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அவன் எனக்கு அலுத்துப்போய்விட்டான். மற்ற எல்லோரிடமும் யாருக்கு எது தோதுப்படும் என்று கேட்டு எழுதினேன். அவன் சார்ட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கும்பிட்டான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 26

தூக்கம்: 4.

டூட்டி முடிந்து வந்து, கையைக்கூடக் கழுவாமல் கோவில்பட்டிக்குப் போன் போட்டேன். கோமுதான் எடுத்தாள்.

"நேத்து ராத்திரி தூங்குனீயளா?"

"நாலு மணி நேரம்."

"மிச்ச நேரம் யாரை நினைச்சுட்டு இருந்தீய?"

உன்னைத்தான் என்று சொல்வதற்குத் தயாராகத்தான் இருந்தேன். வாய் வரவில்லை. "பாதி நேரம் அவனை. பாதி நேரம் உன்னைய" என்றேன்.

வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அங்கே யாரோ குக்கரை இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"இருக்கேன்" என்றாள் கோமு. "பாதி போதும். மிச்சத்தை நான் வந்து பாத்துக்கிடுதேன். அஞ்சரை பஸ்ஸுக்கு வந்து நில்லுங்க. இந்தத் தடவை பையை நீங்க தூக்குங்க."